சிறுகதையின் மையக்கருத்து: எந்த வழியில் தேடுவது, எந்த வழியில் நிறுவுவது

ஒரு சிறுகதையை வாசித்து முடித்தவரிடம் அது எதைப் பற்றியது என்று கேட்டால், பெரும்பாலும் ஒற்றைச் சொல்லே விடையாக வரும். கற்பு, வறுமை, சாதி, பெண்ணடிமை என்பன போன்ற அந்தச் சொற்கள் கதையின் பாடுபொருளைச் சுட்டுகின்றனவே தவிர, அதன் மையக்கருத்தைச் சொல்வதில்லை. கற்பைப் பற்றி நூறு கதைகள் இருக்கலாம். அந்த நூறும் கற்பைப் பற்றி ஒன்றையே சொல்வதில்லை. ஒரு கதை தன் பாடுபொருளைப் பற்றி என்ன உணர்த்துகிறது என்பதை முழு வாக்கியமாகவும், வேறொருவர் மறுத்துப் பேசக்கூடிய வாக்கியமாகவும் சொல்லும்போதுதான் மையக்கருத்து நம் கைக்கு வருகிறது. யாரும் மறுக்க முடியாத வாக்கியத்தை நிறுவ வேண்டிய தேவையே எழாது.

‘கருப்பொருள்’ என்ற சொல்லைப் பலரும் இதற்கு வழங்குகிறார்கள். எனக்கு அதில் சிறு தயக்கம் உண்டு. தொல்காப்பியம் தெய்வம், உணவு, மா, மரம், புள், பறை, செய்தி, யாழ் முதலியவற்றையே கரு என்கிறது; புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்னும் உரிப்பொருள்தான் இன்று நாம் தேடும் பொருளுக்குச் சற்று நெருங்கி நிற்கிறது. ஆகவே இங்கே மையக்கருத்து என்ற சொல்லையே ஆள்கிறேன்.

பட்டப்படிப்புக்காகக் கட்டுரை எழுதும் மாணவருக்கும், வாசகர் வட்டத்தில் ஒரு கதையைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டவருக்கும், வகுப்பில் கதையை நடத்தவேண்டிய ஆசிரியருக்கும் இருக்கும் நேரம் அளவானது. தலைப்பிலிருந்து தொடங்குவதா, முடிவிலிருந்தா, பாத்திரங்களின் மாற்றத்திலிருந்தா, ஆசிரியரின் வாழ்க்கையிலிருந்தா என்பதை அவர்கள் தேர்ந்தாக வேண்டும். தேர்ந்த பின், கண்டதை எப்படி நிறுவுவது என்ற இரண்டாவது தேர்வும் காத்திருக்கிறது. இந்த வழிகளைப் பொதுவாக வைத்துப் பேசினால் எல்லாமே சரியாகத் தோன்றும். ஒரே கதையின்மீது ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கும்போதுதான் எது எவ்வளவு தூரம் தாங்கும் என்பது தெரியவரும்.

அதற்கு நான் எடுத்துக்கொள்ளும் கதை, புதுமைப்பித்தன் எழுதி 1943இல் கலைமகளில் வெளிவந்த ‘சாப விமோசனம்’. காரணம், அந்தக் கதைக்குள்ளேயே நிரூபணம் என்பது பெரும் சிக்கலாக நிற்கிறது. கணவன் கோதமனின் உருவில் வந்த இந்திரனிடம் ஏமாந்து, கணவனின் சாபத்தால் சாலையோரத்தில் கற்சிலையாகக் கிடக்கும் அகலிகை, ராமனின் காலடித் தூசி பட்டு உயிர்பெறுகிறாள். புற்று மூடிய தவத்திலிருந்து கோதமனும் வெளிவருகிறான். இருவரும் இல்லறத்தை மறுபடி தொடங்குகிறார்கள். எதிரில் வரும் ஆண்கள் எல்லாம் இந்திரர்களாகத் தோன்ற, அகலிகைக்கு அச்சம் நெஞ்சில் உறைந்துபோகிறது. பிறர் பேச்சில் எல்லாம் தன்னைக் குத்தும் உட்பொருள் இருக்குமோ என்று அஞ்சுகிறாள். ராமனிடத்தும் சீதையிடத்தும் மட்டும் அவள் மனம் ஆறுதல் கொள்கிறது. ராமன் காடேகிய ஆண்டுகள் கழிந்து, அவனும் சீதையும் திரும்பி வந்து இவர்கள் குடிசைக்கு வருகிறார்கள். அப்போது சீதை, தான் தீக்குளித்த செய்தியைச் சொல்லக் கேட்டு அகலிகை கொதித்துப்போகிறாள். இறுதியில் அவள் மீண்டும் கல்லாகிறாள். கோதமன் துறவியாகிப் பனிமலையை நோக்கி நடக்கிறான்.

தலைப்பு வழி

முதலில் கண்ணில் படுவது தலைப்பு என்பதால் பலர் அங்கிருந்தே தொடங்குகிறார்கள். சில கதைகளுக்கு அது பொருந்திவிடும். அதே ஆசிரியரின் ‘பொன்னகரம்’ அப்படிப்பட்டது. அடிபட்டுக் கிடக்கும் கணவனுக்குப் பால் கஞ்சி வார்ப்பதற்காக அம்மாளு தன்னை விற்று முக்கால் ரூபாய் ஈட்டுவதைச் சொல்லிவிட்டு, கதைசொல்லியே வாசகரை நோக்கித் திரும்பி, கற்பு கற்பு என்று பேசுகிறீர்களே, இதுதான் பொன்னகரம் என்று முடிக்கிறார். தலைப்பும் முடிவும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்கின்றன. வறுமை நீங்காத இடத்தில் கற்பைப் பற்றிய பேச்சுக்குப் பொருளில்லை என்ற வாக்கியத்தை எழுத, தலைப்பையும் கடைசி இரண்டு வரிகளையும் கவனித்தாலே போதும்.

‘சாப விமோசனம்’ அவ்வளவு எளிதாக இடம் கொடுப்பதில்லை. தொன்மக் கதையில் விமோசனம் என்பது ராமனின் திருவடி தரும் விடுதலை. இங்கோ அது கதையின் தொடக்கத்திலேயே நிகழ்ந்து முடிந்துவிடுகிறது. எஞ்சிய நெடும்பகுதி விமோசனத்துக்குப் பிந்திய வாழ்க்கை. அகலிகை மீண்டும் கல்லாகும் இடத்தில் ஆசிரியர் ‘மனச் சுமை மடிந்தது’ என்று எழுதுகிறார். அப்படியானால் எது சாபம், எது விமோசனம்? தூசி பட்டு எழுந்ததா, கல்லாகி ஓய்ந்ததா? தலைப்பு இங்கே கேள்வியை மட்டும் கூர்மையாக்கித் தருகிறது. தலைப்பைக் கொண்டு தொடங்குவதில் தவறில்லை. அதையே விடையாகக் கொண்டு கட்டுரையை முடித்துவிடுவதுதான் தவறு. பத்து நிமிடத்தில் ஒரு பத்தி எழுதவேண்டிய தேர்வுக்கூடத்தைத் தவிர வேறெங்கும் நான் இந்த வழியைத் தனியாகப் பரிந்துரைக்க மாட்டேன்.

முடிவு வழியும் மாற்ற வழியும்

சிறுகதை என்னும் வடிவம் முடிவில் நிறையப் பொருளை ஏற்றிவைக்கும் வடிவம். ஆகவே முடிவிலிருந்து பின்னோக்கிப் படிப்பது தலைப்பு வழியைவிட வலுவானது. ஆனால் இதில் ஓர் ஆபத்து உண்டு. நம் நினைவில் நிற்கும் முடிவும் தாளில் இருக்கும் முடிவும் பல சமயம் ஒன்றாக இருப்பதில்லை. இந்தக் கதையின் முடிவு என்னவென்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர், அகலிகை கல்லானாள் என்பார்கள். தாளில் அதற்குப் பிறகும் சில வரிகள் இருக்கின்றன. பனிப்பாலையில் கைலையங்கிரியை நோக்கி விரையும் ஒற்றை மனித உருவமும், அதன் குதிகாலில் வைரம் பாய்ந்து கிடக்கும் விரக்தியும், அவன் துறவியானான் என்ற செய்தியும் அந்த வரிகளில்தான் வருகின்றன. கதை கோதமனில் முடிகிறது. இதைக் கவனிக்காமல் எழுதப்படும் மையக்கருத்து எதுவாக இருந்தாலும், அது கதையின் கடைசி வரிகளைக் கணக்கில் சேர்க்காத கருத்தாகவே இருக்கும்.

யார் எப்படி மாறினார்கள் என்று பார்க்கும் வழி, முடிவு வழியின் இந்தக் குறையை ஓரளவு நிறைவுசெய்கிறது. தொடக்கத்தில் இருந்த மனிதரையும் இறுதியில் இருக்கும் மனிதரையும் அருகருகே நிறுத்தி, இடையில் எந்த இடத்தில் திருப்பம் நேர்ந்தது என்று தேடுவதே இதன் முறை. அகலிகையை மட்டும் இப்படி வைத்துப் பார்த்தால் அச்சம், ஆறுதல், சினம், கல் என்ற வரிசை கிடைக்கும். கோதமனையும் சேர்த்து வைத்தால் வேறொன்றும் தெரிகிறது. சாபமிட்ட அந்த முனிவன் இந்தக் கதையில் தன் பழைய சித்தாந்தத்தை விட்டுவிடுகிறான். தருமத்தின் வேலிகள் எல்லாம் மனமறிந்து செய்பவர்களுக்கே உரியவை, தன்னறிவின்றி நேர்ந்த வழு பாவமாகாது என்ற முடிவுக்கு அவன் வந்துவிடுகிறான். மனைவியின்மேல் அவனுக்கு ஐயம் இல்லை. அவளைக் குற்றவாளி என்று அவன் ஒருபோதும் இப்போது நினைப்பதில்லை. அப்படிப்பட்டவனுடைய அணைப்பிலேயே அவள் இந்திரனைக் கண்டு கல்லாகிறாள் என்பது இந்தக் கதையின் மிகக் கொடிய இடம். வகுப்பில் இந்தக் கதையை நடத்தும்போதெல்லாம் நான் அதிக நேரம் நிற்பது இங்கேதான். கோதமனை வில்லனாக்கி எழுதப்படும் கட்டுரைகளுக்கு இந்த இடத்தில் விடை இருக்காது.

மாற்ற வழிக்கும் எல்லை உண்டு. நிகழ்ச்சி குறைந்து மனநிலையே மிகுந்த கதைகளில் மாற்றம் என்று சுட்ட ஒன்றும் கிடைக்காமல் போகலாம். மௌனியின் ‘அழியாச்சுடர்’ போன்ற கதையில் யார் எதிலிருந்து எதற்கு மாறினார் என்று தேடுவதைவிட, கோயிலின் இருளும் யாளியும் சுடரும் திரும்பத் திரும்ப என்ன செய்கின்றன என்று பார்ப்பதே பயனுள்ளது. அங்கே ‘எவற்றின் நடமாடும் நிழல்கள் நாம்?’ என்ற வரி, இதோ மையக்கருத்து என்று நம்மை நோக்கி நீட்டப்பட்டதுபோல் நிற்கும். அந்த வரியை அப்படியே பெயர்த்தெடுத்து வைத்துவிடும் ஆசையை அடக்கவேண்டும். அது ஒரு கேள்வி. கேள்வியை மேற்கோளாகக் காட்டுவது எளிது. கதை அதற்கு எந்தத் திசையில் விடை தேடுகிறது என்று சொல்லத்தான் படிமங்களின் துணை வேண்டும்.

படிம வழி ‘சாப விமோசன’த்திலும் பயன்படும். கல்லில் தொடங்கிய கதை கல்லில் முடிகிறது. இடையில் தீ இரண்டு முறை வருகிறது; குறித்த நாளில் ராமன் திரும்பாவிட்டால் உயிர் விடுவதற்கு ஆயத்தமாகும் பரதனின் தீ ஒன்று, சீதையின் தீ மற்றொன்று. இந்த இரண்டையும் கவனிக்காத வாசகர் பரதன், கைகேயி பகுதியைத் தேவையற்ற இடைச்செருகல் என்று கருதி ஒதுக்கிவிடுவார்.

ஆசிரியர் வழியும் மூலக்கதை வழியும்

ஆசிரியரிடமிருந்து தொடங்கும் வழிக்கு நம்மிடையே பெரும் செல்வாக்கு உண்டு. எந்த ஆண்டில் எழுதினார், எந்த இதழில் எழுதினார், எத்தகைய குடும்பத்தில் பிறந்தார் என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டு, ஆகவே அவர் பெண் விடுதலையை வலியுறுத்துகிறார் என்று முடிக்கும் கட்டுரைகளை எத்தனையோ முறை திருத்தியிருக்கிறேன். இந்தக் கதையின் தொடக்கத்தில் புதுமைப்பித்தன் ஒரு சிறு குறிப்பை வைத்திருக்கிறார். ராமாயணப் பரிச்சயமுள்ளவர்களுக்கு இந்தக் கதை பிடிபடாமலும், பிடிக்காமலும்கூட இருக்கலாம், அதைத் தான் பொருட்படுத்தவில்லை என்பது அதன் சாரம். அந்தக் குறிப்பு எதிர்ப்பை எதிர்பார்த்ததைக் காட்டுகிறது. எதை உணர்த்த எழுதினார் என்பதை அது சொல்வதில்லை.

ஆனால் ஆசிரியர் வழியில் ஒரு கிளை மிகவும் பயனுடையது. அது அவருடைய மற்றொரு படைப்பை அருகில் வைத்துப் பார்ப்பது. 1934இல் மணிக்கொடியில் அவர் ‘அகல்யை’ என்ற கதையை எழுதியிருந்தார். அதில் கோதமன் சாபமிடுவதில்லை. கற்பு மனத்தூய்மையில் இருக்கிறது என்று சொல்லி மனைவியை மன்னித்துவிடுகிறான். அவன் அமைதி கொள்ள, அகல்யையின் உள்ளத்துக் கொந்தளிப்பு அடங்காமலே கதை முடிகிறது. கணவன் நல்லவனாக இருந்தாலே போதுமா என்ற கேள்வி அப்போதே அவரைத் தொட்டிருக்கிறது. ஒன்பது ஆண்டுகள் கழித்து அதே பெண்ணிடம் அவர் திரும்பி வந்தபோது, அந்தக் கேள்வியை விட்டுவிடாமல் சீதையை அருகே அழைத்துவந்து நிறுத்தினார். இவ்வளவுதான் இந்த வழியில் நமக்குக் கிடைப்பது; இது சான்று ஆகாது, ஆயினும் எங்கே உற்றுப் பார்க்கவேண்டும் என்று காட்டும்.

தொன்மத்தை மறுபடி சொல்லும் கதைகளுக்கு எல்லா வழிகளிலும் சிறந்ததாக நான் கருதுவது மூலக்கதையோடு ஒப்பிடும் வழி. வால்மீகியில் அகலிகை கல்லாவதில்லை; காற்றையே உணவாகக் கொண்டு, சாம்பலில் கிடந்து, யார் கண்ணுக்கும் தெரியாமல் தவம் செய்கிறாள். கம்பன் அவளைக் கல்லாக்குகிறான். காலடித் தூசி பட்டு அவள் முன்னை வடிவம் பெற்று நிற்க, ‘நெஞ்சினால் பிழைப்பு இலாளை நீ அழைத்திடுக’ என்ற விசுவாமித்திரனின் சொல்லைக் கோதமன் கருத்தில் கொண்டு ஏற்றுக்கொள்வதோடு கம்பன் அந்த நிகழ்ச்சியை நிறைவு செய்கிறான். இருவரிடமும் அகலிகையின் கதை பால காண்டத்தோடு முடிந்துவிடுகிறது. சீதை தீயில் இறங்குவதோ யுத்த காண்டத்தின் இறுதியில். இந்த இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் நடுவே ஐந்து காண்டங்களின் தொலைவு இருக்கிறது. இரண்டு பெண்களும் தம் கதைகளை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள அங்கே இடமில்லை. புதுமைப்பித்தன் செய்த பெரிய மாற்றம் அந்தத் தொலைவை அழித்ததுதான். ஒருத்தியைக் கல்லிலிருந்து எழுப்பிய ராமனும், மற்றொருத்தியிடம் தீயில் இறங்கி நிரூபிக்கச் சொன்ன ராமனும் ஒருவனே என்பது, அந்த இருவரும் ஒரு குடிசையில் எதிரெதிரே அமர்ந்து பேசும்போதுதான் வெளிப்படுகிறது. ஒரு ஆசிரியர் மூலத்தை எங்கே மாற்றினார் என்று கேட்டால் அவர் உழைத்த இடம் தெரியும். உழைத்த இடத்தில் மையக்கருத்து கிடைக்கும் வாய்ப்பு மிகுதி. மூலம் இல்லாத கதைகளுக்கு இந்த வழி இல்லை என்பது உண்மைதான். எனினும், இதே நிகழ்ச்சியை வழக்கமாக எப்படிச் சொல்வார்கள், இந்த ஆசிரியர் எதை வேறுபடுத்தினார் என்று கேட்டுப்பார்க்கலாம். ஓரளவு அதே பயன் கிடைக்கும்.

மூன்று வாக்கியங்களைச் சோதித்தல்

இந்த வழிகளில் எதைப் பின்பற்றினாலும் நாம் வந்து சேர்வது ஓர் ஊகத்திடம்தான். அந்த ஊகங்களை ஒன்றோடொன்று மோதவிட்டுப் பார்க்காமல் ஒன்றைப் பிடித்துக்கொள்வது சரியன்று. இந்தக் கதைக்கு மாணவர்களும் வாசகர்களும் பொதுவாகச் சொல்லும் வாக்கியங்களைத் திரட்டினால் மூன்றில் அடங்கிவிடும். ஆணுக்கொரு நீதி, பெண்ணுக்கொரு நீதி என்று இருக்கும் சமூகம் பெண்ணைக் கல்லாக்குகிறது என்பது முதலாவது. பாதிக்கப்பட்டவருக்கு மன்னிப்போ ஏற்போ கிடைத்தாலும் உள்ளக் காயம் ஆறுவதில்லை என்பது இரண்டாவது. ஒருவரின் தூய்மை பிறர் ஏற்பதன்மேல் நிற்குமானால், ஏற்றவரே வேறொருவரிடம் நிரூபணம் கேட்ட கணத்தில் அந்த விமோசனம் செல்லாததாகிவிடும் என்பது மூன்றாவது.

முதல் வாக்கியத்துக்கு வலுவான சான்று உண்டு. அகலிகையின் மனத்தில் எழும் ‘அகலிகைக்கு ஒரு நீதி, அவனுக்கு ஒரு நீதியா?’ என்ற கேள்வி நேரே அதைச் சொல்வதுபோல் இருக்கிறது. கண்ணகி வெறி அவள் மனத்தில் தாண்டவமாடியது என்ற தொடரும் அதை உறுதிசெய்கிறது. ஆனால் இந்த வாக்கியத்தால் கோதமனை விளக்க முடியவில்லை. நீதியற்ற ஆணாக அவன் இருந்திருந்தால் கதை எளிதாக இருந்திருக்கும். அவன் திருந்திய பிறகும் ஏன் எல்லாம் அழிகிறது என்பதற்கும், கதை ஏன் அவனுடைய விரக்தியில் முடிகிறது என்பதற்கும் முதல் வாக்கியத்தில் விடை இல்லை. மேலும், ‘அவனுக்கு’ என்று அகலிகை சுட்டுவது எல்லா ஆண்களையும் அன்று, ராமனை. பொதுச் சமூகத்தைப் பற்றிய வாக்கியமாக அதை விரிக்கும்போது அந்தச் சுட்டின் கூர்மை மழுங்கிவிடுகிறது.

இரண்டாவது வாக்கியம் அகலிகையின் அச்சத்தை மிக நன்றாக விளக்குகிறது. எதிர்ப்படும் ஆண்கள் எல்லாம் இந்திரர்களாகத் தோன்றுவதும், சொல்ல நினைத்ததை மனத்துக்குள் பலமுறை சொல்லிப் பார்த்த பிறகே ஒரு வார்த்தை பேசுவதும் ஆறாத காயத்தின் அடையாளங்கள். கோதமனின் அணைப்பில் அவள் உடல் இறுகுவதும் இதற்குள் அடங்கும். ஆனால் கேள்வி ஒன்று எஞ்சுகிறது. இத்தனை ஆண்டுகள் அந்தக் காயத்தோடே வாழ்ந்தவள் ஏன் இப்போது, சீதையோடு பேசிய பிறகு, கல்லாகவேண்டும்? காயம் மட்டுமே காரணமென்றால் அந்த நிகழ்ச்சி முன்பே நடந்திருக்கலாம், அல்லது நடக்காமலே போயிருக்கலாம். திருப்பம் சீதையின் சொல்லில் இருக்கிறது. இரண்டாவது வாக்கியம் அந்தச் சொல்லைத் தொடவே இல்லை.

மூன்றாவது வாக்கியம் இந்த எச்சங்களை ஏற்றுக்கொள்கிறது. அகலிகை உயிர் வாழ்ந்ததே ராமன் தன்னைக் குற்றமற்றவளாகக் கண்டான் என்ற நம்பிக்கையில்தான். அவன் சீதையை நம்பவில்லை என்றால், தன்னை அவன் நம்பியதற்கு என்ன பொருள் என்று அவள் கேட்டாக வேண்டும். கோதமனின் நற்சிந்தனை அவளைக் காப்பாற்றாததற்கும் காரணம் கிடைக்கிறது. அவனுடைய ஏற்பும் பிறருடைய ஏற்புத்தானே. பரதனின் தீயும் இதே சிக்கலின் மற்றொரு வடிவமாகத் தெரிகிறது. அவனும் தன் உள்ளத் தூய்மையை உடலை எரித்துக் காட்ட முனைபவன். அகலிகை கைகேயியிடம் பரிவு கொள்வதுகூட, ஊரார் ஏற்காத பெண்ணை அப்படிப்பட்ட இன்னொரு பெண் புரிந்துகொள்வது என்ற அளவில் இதோடு சேர்கிறது. ஆகவே மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் நான் மூன்றாவதையே தேர்கிறேன். முதல் இரண்டும் பொய் என்பதற்காக அன்று. அவை கதையின் சில பகுதிகளை வெளியே விட்டுவிடுகின்றன என்பதற்காக.

இந்த முறைக்கு நம் மரபிலேயே இடம் உண்டு. தொல்காப்பிய மரபியலின் இறுதியில் சொல்லப்படும் முப்பத்திரண்டு உத்திகளில் முதலாவது ‘நுதலியது அறிதல்’, அதாவது நூல் கருதிய பொருளை அறிதல். அதே வரிசையில், ‘மொழிந்த பொருளொடு ஒன்ற அவ்வயின் மொழியாததனை முட்டின்றி முடித்தல்’ என்றும் ஓர் உத்தி வருகிறது. இலக்கண நூலைக் கருதிச் சொல்லப்பட்ட இந்த உத்திகளைச் சிறுகதைக்குப் பொருத்துவது என் துணிவுதான் என்றாலும், மையக்கருத்து என்பது ஆசிரியர் மொழியாதது, அதை மொழிந்தவற்றோடு முட்டாதபடி முடிக்கவேண்டும் என்ற விதியை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. முட்டு எங்கே இருக்கிறது என்று தேடுவதே மேலே நாம் செய்த சோதனை.

நிறுவும் வழிகள்

கண்ட மையக்கருத்தை நிறுவுவதற்கு மாணவர்கள் பெரும்பாலும் கைக்கொள்வது மேற்கோள்களைக் குவிக்கும் வழி. பத்து மேற்கோள்கள் அடுத்தடுத்து வரும். ஒவ்வொன்றுக்கும் பிறகு, இதிலிருந்து ஆசிரியரின் பெண்ணியப் பார்வை புலனாகிறது என்ற ஒரே வாக்கியம் வரும். மேற்கோள் தானாகப் பேசாது. யார், யாரிடம், எந்த நிலையில் சொன்னது என்பதை எழுதுபவர் எடுத்துச் சொன்னால்தான் அது சான்றாகும். கதைச்சுருக்கத்தையே சான்றாக வைப்பது இரண்டாவது வழி. இதில் வாசகருக்குக் கதை தெரியவரும், வாதம் தெரியவராது. திறனாய்வாளர் ஒருவர் இப்படிச் சொல்லியிருக்கிறார் என்று காட்டுவது மூன்றாவது வழி. அது ஆய்வேட்டுக்குத் தேவை. ஆனால் ஒரு திறனாய்வாளரின் முடிவைச் சான்றாகக் காட்டுவதற்குமுன், அவர் எந்த வரியைக் காட்டி அந்த முடிவுக்கு வந்தார் என்று கேட்டு, அந்த வரியை நாமும் சென்று பார்க்கவேண்டும்.

நான் விரும்புவது, ஒரே காட்சியை ஆழமாக எடுத்துக்கொண்டு சொல் சொல்லாகப் படித்து நிறுவும் வழி. ‘சாப விமோசன’த்தில் அதற்குரிய காட்சி சீதையும் அகலிகையும் பேசும் இடம். அவர் கேட்டாரா, நீ ஏன் செய்தாய் என்று அகலிகை கேட்கிறாள். ‘அவர் கேட்டார், நான் செய்தேன்’ என்று சீதை சொல்கிறாள். அதற்கு அகலிகை கத்துவது, ‘அவன் கேட்டானா?’ என்று. ஒரே மூச்சில் ‘அவர்’ என்பது ‘அவன்’ ஆகிவிடுகிறது. தமிழில் இந்த ஓர் எழுத்தின் மாற்றம் எவ்வளவு பெரிய வீழ்ச்சியைக் குறிக்கும் என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்கவேண்டியதில்லை. தன்னைக் கல்லிலிருந்து எழுப்பியவன், தான் தெய்வமாக வைத்திருந்தவன், அந்தச் சொல்லோடு தெய்வத்தன்மையை இழந்து ஒரு மனிதனாக, அதிலும் குற்றவாளியாக, அவள் முன் நிற்கிறான். அவளுடைய விமோசனம் அந்தத் தெய்வத்தின்மேல் நின்றது. ‘அவர்’ போன இடத்தில் அதுவும் போய்விட்டது. அடுத்து, உலகத்துக்கு நிரூபிக்க வேண்டாமா என்று சீதை கேட்க, உள்ளத்துக்குத் தெரிந்தால் போதாதா, உண்மையை உலகுக்கு நிரூபிக்க முடியுமா என்று அகலிகை கேட்கிறாள். நிரூபித்துவிட்டால் மட்டும் அது உண்மையாகிவிடுமா என்ற எண்ணம்வரை அந்த உரையாடல் செல்கிறது. மூன்றாவது வாக்கியத்தில் நான் சொன்ன ஏற்பும் நிரூபணமும் இந்த நான்கைந்து வரிகளில் நேரடியாகவே நிற்கின்றன. இந்த ஒரு காட்சியை இரண்டு பக்கத்தில் இப்படி விரித்து எழுதுபவர், பத்து மேற்கோள்களைத் தொகுப்பவரைவிட அதிகம் நிறுவிவிடுவார்.

ஆயினும் ஒரு காட்சியோடு நின்றுவிட்டால், அந்தக் காட்சியை நாம் நமக்குச் சாதகமாகப் பொறுக்கியெடுத்தோம் என்ற குற்றச்சாட்டு எழும். ஆகவே இதற்கு அடுத்ததாக, நம் வாக்கியத்துக்கு எதிராக நிற்கக்கூடிய இடம் ஒன்றையாவது நாமே எடுத்துக்காட்டி அதற்கு விடை சொல்லவேண்டும். மேலே கோதமனின் மனமாற்றத்தை வைத்துச் செய்த சோதனை அத்தகையது. பல மாணவர்கள் எதிர்ச்சான்றைக் காட்டினால் மதிப்பெண் குறையும் என்று அஞ்சுகிறார்கள். விடைத்தாளைப் படிப்பவர் பக்கத்திலிருந்து சொல்கிறேன்: எதிர்ச்சான்றை எதிர்கொண்ட கட்டுரையைப் படிக்கும்போதுதான், இவர் கதையை முழுவதும் படித்திருக்கிறார் என்ற நம்பிக்கை எழுகிறது.

யாருக்கு எந்த வழி என்பதையும் சொல்லிவிடுகிறேன். தேர்வில் ஒரு பக்க விடை எழுதுபவர், பாத்திர மாற்றத்திலிருந்து ஒரு வாக்கியத்தை அமைத்து, ஒரே காட்சியைச் சான்றாகக் காட்டினால் போதும். தலைப்பைத் தொடக்க வரியில் பயன்படுத்திக்கொள்ளலாம். வாசகர் வட்டத்தில் பேசுபவர் மூலக்கதை ஒப்பீட்டிலிருந்து தொடங்குவது நல்லது; கேட்பவர்களில் பலருக்குக் கம்பனின் அகலிகை தெரிந்திருக்கும் என்பதால் வேறுபாடு உடனே மனத்தில் பதியும். ஆய்வுக்கட்டுரை எழுதுபவருக்குப் போட்டி வாக்கியங்களை மோதவிடும் சோதனையைத் தவிர்க்க வழியே இல்லை. 1934ஆம் ஆண்டுக் கதையையும் அவர் அருகில் வைத்துக்கொள்ளவேண்டும். பள்ளி வகுப்பில் நடத்தும் ஆசிரியர் மட்டும் ஒன்றைச் செய்யாமல் இருப்பது நலம்: மையக்கருத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டுக் கதையைத் தொடங்குவது. அப்படிச் செய்தால் மாணவர்கள் அந்த வாக்கியத்துக்குப் பொருந்தும் வரிகளை மட்டும் தேடுவார்கள். பொருந்தாத வரிகளை அவர்கள் கண் காணாது.

பொருந்தாத வரி எனக்கும் ஒன்று இருக்கிறது. உலகத்துக்கு நிரூபிக்க வேண்டாமா என்று கேட்டுவிட்டுச் சீதை மெதுவாகச் சிரிக்கிறாள். தீயில் இறங்கி எழுந்தவளின் அந்தச் சிரிப்பு அகலிகையைத் தேற்றும் சிரிப்பா, தன் கணவனைப் பற்றியதா, உலகத்தைப் பற்றியதா, இனி வரப்போவதை அறிந்தவளின் கசப்பா என்று ஒவ்வொரு முறை படிக்கும்போதும் எனக்கு வேறொன்றாகத் தோன்றுகிறது. நான் தேர்ந்த வாக்கியத்தில் அகலிகைக்கு இடமிருக்கிறது, கோதமனுக்கு இடமிருக்கிறது, ராமனுக்கும் பரதனுக்கும் இடமிருக்கிறது. சீதையின் சிரிப்பு இன்னும் அதற்கு வெளியே நிற்கிறது. அடுத்த முறை வகுப்பில் இந்தக் கதையை எடுக்கும்போது அந்த ஒரு வரியிலிருந்து தொடங்கலாம் என்று இருக்கிறேன்.